ஸ்மார்ட் வகுப்பறைக்கு முன் ஒரு மூக்குக்கண்ணாடி

கரும்பலகையில் எழுதியது தெரியாத பிள்ளைக்கு நம் தோட்டங்களில் 'மக்கு' என்று பெயர். காது மந்தமான பிள்ளைக்குச் 'சொல்வழி கேளாதவன்' என்று பெயர். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் 'சோம்பேறி'. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் வேறு யாருமல்ல, நாமும் ஆசிரியர்களும்தான். பிள்ளைக்கு என்ன குறை என்று யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்த அந்தப் பிள்ளை இடையிலேயே படிப்பை விட்டுவிடுகிறது. பிறகு கொழும்பில் ஒரு கடை, அல்லது யாரோ ஒருவர் வீட்டில் வேலை.

தோட்டப் பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போர்டு, கணினி என்று இப்போது பேசுகிறார்கள். வரவேற்கிறோம். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது நம் பாடசாலைகள் துரைமார் கையிலேயே விடப்பட்டன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பிந்தி வந்த நமக்கு இவை எல்லாம் தேவைதான். ஆனால் பார்வை மங்கிய பிள்ளைக்கு அது கரும்பலகையானால் என்ன, மின்பலகையானால் என்ன?

உதவித் தொழில்நுட்பம் என்றதும் பெரிய இயந்திரத்தை எண்ண வேண்டாம். மூக்குக்கண்ணாடியும் செவிப்புலன் கருவியும் அதில் அடங்கும். இப்படிப்பட்ட சாதனங்கள் உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்குத் தேவை என்றும், ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அவை கிடைப்பதில்லை என்றும் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் 2022இல் அறிக்கை வெளியிட்டன. அந்த 100 கோடியில் நம் லயத்துப் பிள்ளைகளும் உண்டு.

காசில்லாமல் கிடைப்பவையும் இருக்கின்றன. பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் கணினித் திரையில் உள்ளதைத் தமிழிலும் வாசித்துக் காட்டும். அது இலவசம். நாம் பேசுவதைத் தமிழ் எழுத்தாகக் காட்டும் செயலிகள் சாதாரண அன்ட்ரொயிட் போனிலேயே உண்டு. ஆனால் பாடப்புத்தகம் யுனிகோட் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழைக் கணினி வாசிக்காது, உளறும்.

அப்படியானால் எங்கே தடைப்படுகிறது? தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு. குறை தெரிந்தால் கிளினிக்குக்குப் போகச் சொல்லித் துண்டு கொடுப்பார்கள். டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போனால் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. பஸ் காசு வேறு. மறுபடி வரச் சொன்னால் இன்னொரு பேரும் போகும். துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு அங்கேயே கிடக்கிறது.

"சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, சங்கத்துக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் துண்டைப் படத்துக்குப் பின்னால் செருக வைத்ததே சம்பளம்தான். அதனால்தான் இது சங்கத்தின் வேலை என்கிறோம்.

கம்பனிகளிடம் கேட்கிறோம்: பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளுக்குப் பேர் போடுங்கள்.

ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்களிடம் கேட்கிறோம்: கணினி அறை உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் இலவச மென்பொருளை ஏற்றுங்கள். அதைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்குத் தமிழில் பயிற்சி கொடுங்கள். இது தர்மம் அல்ல. குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. பாடசாலைக்குள் சேர்த்துவிட்டுப் பார்க்கவும் கேட்கவும் வழி செய்யாவிட்டால் அந்த அனுமதிக்கு என்ன பொருள்?

நமக்கும் வேலை உண்டு. தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் இந்த மாதமே லயம் லயமாகப் போய், எந்த வீட்டில் துண்டு கிடக்கிறது என்று கேட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். குறையை மறைக்கும் பெற்றோரிடம் ஒன்று சொல்லுங்கள்: கண்ணாடி போடுவது வெட்கமல்ல. தெரியாத பலகையைப் பார்த்தபடி பிள்ளை பத்து வருடம் உட்கார்ந்திருப்பதுதான் நமக்கு வெட்கம்.