அப்பா வாங்கிய டிரில் மெஷின்

கேள்வி: அப்பா காலத்து ராலி உல்ஃப் டிரில் மெஷின் வீட்டில் இருக்கிறது. உலோக உடம்பு. கூடவே ஒரு பெட்டியில் ஸ்டாண்டு, வட்ட ரம்பம், தேய்க்கும் தட்டு எல்லாம் உண்டு. சொட்டுநீர்க் குழாயில் துளை போட எடுத்தால் சக் பிட்டைப் பிடிப்பதில்லை. சில நேரம் கையில் 'சுர்' என்கிறது. உதிரி பாகம் கிடைக்குமா?

- வாசகர், மங்கலம்பேட்டை

பதில்: முந்திரிக்கும் மணிலாவுக்கும் நடுவே டிரில் மெஷினுக்கும் கேள்வி வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய 'சுர்'ரைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உலோக உடம்புள்ள மெஷினுக்கு எர்த் ஒயர் கட்டாயம். பல வீடுகளில் மூன்றாவது ஒயரை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டியிருப்பார்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று அதை இயக்குவது உயிருக்கே ஆபத்து. இன்றே பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்து மெக்கரில் கசிவு பார்த்து, மூன்று ஒயர் கேபிளும் மூன்று பின் பிளக்கும் மாட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக மின்சாரம் எடுத்தால் இன்னும் நல்லது.

இனி சக். பழைய கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கடையில் தேட வேண்டாம், அளவைச் சொன்னால் போதும். பெரும்பாலும் சக்கின் மேலேயே 13 மி.மீ., 1/2-20 என்பதுபோல் பொறித்திருக்கும். முதல் எண் எவ்வளவு பெரிய பிட்டைப் பிடிக்கும் என்பது. அடுத்தது மரையின் அளவு. எழுத்து தேய்ந்திருந்தால் சக்கைக் கழற்றி, கதிரின் மரைமேல் ஸ்கேலை வையுங்கள். அரை இஞ்சுக்குள் 10 மரை இருந்தால் நாலு நூல் கதிர் (1/2-20). 12 மரை இருந்தால் மூணு நூல் கதிர் (3/8-24). இரண்டுக்கும் புது சக் சாதாரணக் கருவிக் கடையிலேயே கிடைக்கும்.

கழற்றும் முன் சக்கின் வாயை முழுதும் திறந்து உள்ளே பாருங்கள். திருகு தெரிந்தால் அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இடப்பக்கம் முறுக்கித் தலையை உடைத்தவர்கள் நிறைய.

பேரிங்கும் கவலையில்லை. விளிம்பில் உள்ள எண்தான் அதன் ஜாதகம். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம். கார்பன் பிரஷ்ஷுக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சற்றுப் பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளலாம். சிறியது ஆடும், பொறி கக்கும். சிக்கல் கியரில்தான். அது போயிருந்தால் அதே மாடல் பழைய மெஷினைத் தேடிப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

பெட்டியில் உள்ளவற்றில் ஸ்டாண்டு உங்களுக்கு உதவும். அதன் வளையத்தையும் மெஷினின் கழுத்தையும் அளந்து பாருங்கள். இப்போதைய மெஷின்கள் பலவற்றில் கழுத்து 43 மி.மீ.; பழையவை வேறுபடும். தேய்க்கும் தட்டின் தண்டு சக்கில் பிடித்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம்.

வட்ட ரம்பத்துக்கு மட்டும் பாகம் தேட வேண்டாம். பல் மேல் மூடும் காப்புத் தகடு இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் பெட்டியில் அது இருக்கக் கூடாது.