சபையில் நமது இடம்



நாம் திருச்சபை என்று வழங்கும் சொல்லுக்கு மூலமாக நிற்பது 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல். ஆதியில் அது ஆலயத்தைக் குறித்ததன்று. நகரத்துக் குடிமக்கள் ஒன்றுகூடிப் பொதுக் காரியங்களை ஆராய்ந்து முடிவு செய்த அவைக்கே அப்பெயர் வழங்கிற்று. ஆகவே ஊர்க்காரியம் பேசும் சபை நமக்கு அந்நியமானதாக இருத்தல் ஆகாது.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய நகராட்சிகளும், சடையன்குப்பம், இடையஞ்சாவடி, கடப்பாக்கம் முதலிய ஊராட்சிகளும் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 155 வட்டங்கள் 200 ஆயின. மாநகரவாசிகள் என்ற பெயர் கிடைத்தது; ஆனால் ஊராட்சி மக்கள் கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமையை இழந்தனர். பின்னர், 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடைபெறவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக, சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு அணைந்தாலும், முறையிட மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

2022 நவம்பர் 1-ஆம் நாள், உள்ளாட்சி தினத்தில், நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் கூடின. அன்று நமக்கு அனைத்துப் புனிதர் பெருவிழாவும் ஆகும். கிராமத்தாருக்கு இருந்த உரிமை நகரத்தாருக்கும் ஓரளவு வந்தது. வந்த உரிமையை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

"அரசியல் நமக்கு எதற்கு, சாமி?" என்பார் உளர். கட்சி வேறு, பொதுநலம் வேறு. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தைப் படியுங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை முணுமுணுப்பு என்று தள்ளிவிடவில்லை, சபையைக் கூட்டினார்கள். சபையே எழுவரைத் தேர்ந்தெடுத்தது. விசுவாசத்தையும் அன்றாட வாழ்வையும் பிரித்து வைப்பது இக்காலத்தின் பெரும் தவறுகளுள் ஒன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் எச்சரித்தது.

2023 டிசம்பரை நாம் மறக்கலாகாது. புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வாளி கொண்டு அதை அள்ளினார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தக் குழாய் எந்த வழியே செல்கிறது? ஆபத்து வந்தால் எச்சரிக்கை ஒலி கேட்குமா? எப்பக்கம் ஓடவேண்டும்? இவை இரவில் ஓடும்போது கேட்கவேண்டிய கேள்விகள் அல்ல. பகலில் சபையில் கேட்கவேண்டியவை.

ஆகவே சில யோசனைகள் கூறுகிறோம்.

முதலாவது, கூட்டத்திற்கு முன் அன்பியங்களில் பேசி, இரண்டொரு தேவைகளை மட்டும் முடிவு செய்யுங்கள். இருபதைக் கேட்டால் ஒன்றும் நடவாது.

இரண்டாவது, தாய்மார்கள் பேசட்டும். உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கென 2016-இல் சட்டம் ஆயிற்று. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்பவர்களுக்கே அதன் குறை தெரியும்.

மூன்றாவது, மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டி, என்ன ஆயிற்று என்று பணிவோடு கேளுங்கள்.

நான்காவது, நம் தெருவைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். இந்து, முஸ்லிம் சகோதரர்களோடு சேர்ந்து செல்லுங்கள். கழிவுநீர் மதம் பார்த்து வீட்டிற்குள் நுழைவதில்லை. கிரேக்கக் கைம்பெண்களைப்போல் வாய் திறக்க வலிமையற்றவர் எவரோ, அவருடைய குறை முதலில் சொல்லப்படட்டும்.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஒன்றுகூடுகிறோம். அங்கே கற்ற அன்பு சபையிலும் வாய் திறக்கட்டும். இறைவன் உங்கள் இல்லங்களையும் நம் ஊரையும் காப்பாராக.