லயத்து உரல்

தேயிலை மலையில் அறுக்கக் கதிர் இல்லை. ஆனாலும் அட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பழைய லயங்களில் வாசலில் உரல் கிடந்தது. இஸ்தோப்பு மூலையில் அம்மி, சுவரில் சுளகு. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணியின் பின்னால் வந்தவர்களில் பலர் கதிர் அரிவாள் பிடித்தவர்கள். இங்கே அந்தக் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிடி குரக்கன் விதைக்கவும் சொந்த மண் கிடையாது. ஆகவே வயலுக்குரிய கருவிகள் ஊரோடு நின்றன. அடுப்புக்குரியவை மட்டும் மலையேறின.

அவற்றுக்கு இங்கே வேலை இருந்தது. தோட்டத்தில் போட்ட அரிசிக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதைச் சுளகில் புடைத்தால் உமியும் தூசும் பறக்கும். கொழித்தால் நொய் தனியே பிரியும். கல்லை விரலால்தான் பொறுக்க வேண்டும். கொழுந்து பறித்த கைக்கு அந்தியில் இது இன்னொரு வேலை. பெயர்ப்பதிவு இல்லாத, சம்பளம் இல்லாத வேலை. தோட்டத்து வரலாறு எழுதியவர்கள் கூடையைப் பார்த்தார்கள், சுளகைப் பார்க்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

உரலின் வேலையைக் குறைத்தது மில் மட்டுமல்ல, கோதுமை மாவும்தான். மாவாகவே வந்த தானியத்தை இடிக்க வேண்டியதில்லை, புடைக்க வேண்டியதில்லை. பிசைந்து ரொட்டி தட்டினால் போதும். 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவுக்கும் வழியின்றித் தோட்டங்களில் மக்கள் பசியால் செத்தார்கள்.

ஆனாலும் தீபாவளி வந்தால் ஊறவைத்த அரிசி உரலுக்கு வரும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போடுவார்கள். மூன்றாமவள் குனிந்து மாவை அள்ளி அரிப்பாள். பெண் பிள்ளை பெரியவளானால் குறுக்கே போடவும் அதே உலக்கைதான்.

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுப் பீலித் தண்ணீரில் கிடக்கும் உரலைக் கழுவி எடுங்கள். அப்பாயி, அம்மாயி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி இடித்தார்கள், எப்படிக் கொழித்தார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே போனில் பதிந்து வையுங்கள்.