கயிறு அல்ல, செவிலியர் தேவை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆவது பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. நோயாளியைத் தனியறையில் அடைத்துவைப்பதை அது தடை செய்கிறது. அவருக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு நேரும் நிலையில், வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தண்டனையாகக் கட்டிப்போடக் கூடாது; ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டிப்போடக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, தீயிலிருந்து தப்ப வழியின்றி 28 பேர் மாண்ட நாட்டில் இது அவசியமான சட்டம். ஆனால் அந்தப் பற்றாக்குறையை உருவாக்குபவர் யார் என்று இப்பிரிவு கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

மனநலச் செவிலியத்தில் கோட்பாடு என்பது தேர்வுக்குப் படித்து மறந்துவிடும் பாடம் என்று கருதுவோர் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரவுப் பணி நேரம். ஹாலோபெரிடால் மருந்து தொடங்கிச் சில நாட்களேயான நோயாளி ஒருவர், உட்கார இயலாமல் அங்குமிங்கும் நடக்கிறார். படுக்கச் சொன்னால் உடனே எழுந்துவிடுகிறார். இது நோயின் கொந்தளிப்பாக இருக்கலாம். அந்த மருந்தே உண்டாக்கும் அமைதியின்மையாகவும் இருக்கலாம். மருத்துவம் அதனை அகதீசியா என அழைக்கிறது. நோயின் கொந்தளிப்பென்று தவறாகக் கருதி மருந்தைக் கூட்டினால் துன்பம் பெருகும். கட்டிப்போட்டால் அது சித்திரவதையாகும். இவ்வேறுபாட்டை அறிந்த செவிலியர், உள்ளுக்குள் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்கிறார். விடையைக் குறித்துவைத்து மருத்துவருக்குத் தெரிவிக்கிறார். ஒரு மனிதர் கட்டிப்போடப்படுவதும் படாததும் அந்தக் கேள்வியைப் பொறுத்தது.

1952இல் அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் எழுதிய நூல், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் பகுதி என்று வாதிட்டது. பதற்றம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். இதிலிருந்து பெறப்படும் நடைமுறை எளிமையானது. பதறிய முகத்துடன் நான்கு பேர் சூழ்ந்துகொண்டால் கலங்கியிருப்பவர் மேலும் கலங்குவார். ஒருவர் மட்டும் இடைவெளி விட்டு நின்று, தாழ்ந்த குரலில் பேசிக் காத்திருந்தால் அவர் தணிவதற்கு வாய்ப்புண்டு. ஆனால் காத்திருக்க நேரம் வேண்டும். வார்டு முழுவதற்கும் ஒரே செவிலியர் என்றால் அந்த நேரம் எங்கிருந்து வரும்?

நடைமுறையும் கோட்பாட்டைத் திருத்துகிறது. 1953இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்ற ஃபிரான்ஸ் ஃபனான், வார்டையே ஒரு சமூகமாக்கும் சிகிச்சை முறையைத் தொடங்கினார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் அது பலன் தந்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் தோற்றது. அவர் நோயாளிகளைக் குறை கூறவில்லை. அவர்களின் வாழ்க்கையை அறியாமல் ஐரோப்பிய முறையைத் திணித்ததே பிழை என்று கண்டார். பின்னர் அங்கே அவர்களுக்குப் பழக்கமான காப்பிக் கடை அமைந்தது. அவர்களின் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. நமது நாட்டுக்கும் இதில் பாடமுண்டு. ஒடிசாவிலிருந்து பெங்களூருக்கு வந்த கட்டுமானத் தொழிலாளியின் மொழி அறியாத வார்டில், அவரது மௌனமே நோய்க்குறியாகப் பதிவாகிவிடக் கூடும்.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுடன் வாழ்வதாகக் கண்டது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் அது கூறியது. 2022இல் ஒன்றிய அரசு டெலி மானஸ் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. பயனுள்ள ஏற்பாடுதான், எனினும் வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கு அது ஈடாகாது. இதற்கிடையே ஒப்பந்த நியமனம் பெருகுகிறது. எந்நேரமும் வேலை பறிபோகலாம் என்ற நிலையிலுள்ள செவிலியரால், கட்டிப்போடும் உத்தரவைக் கேள்வி கேட்க இயலுமா?

முதலில் பணியிடங்கள் நிரம்பட்டும், கோட்பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்று நம்மிலும் சிலர் கூறக்கூடும். இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. பயிற்சியின்றி எண்ணிக்கை மட்டும் கூடினால் காவலர்களே கூடுவர். எண்ணிக்கையின்றிப் பயிற்சி மட்டும் தந்தால், செய்ய வேண்டியதை அறிந்தும் செய்ய இயலாத குற்றவுணர்வே செவிலியருக்கு மிஞ்சும்.

இதே சட்டத்தின் 31ஆவது பிரிவு, மக்கள்தொகைக்கேற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையில் பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட நெறிமுறைகளைப் பத்தாண்டுகளுக்குள் எட்ட அரசுகள் முயல வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29 அன்று. ஆகவே 2028 மே மாதத்துடன் கெடு முடிகிறது. ஒவ்வொரு மாநில அரசும் எத்தனை மனநலச் செவிலியர் பணியிடங்களை உருவாக்கியது, எத்தனை நிரந்தர நியமனங்கள் செய்தது என்பதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். செவிலியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஊதியம், பணி நிரந்தரத்துடன், இரவுப் பணியில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்ற வரம்பும், பணி நேரத்திற்குள்ளேயே தொடர் பயிற்சியும் இடம்பெற வேண்டும். இது ஊழியர் நலன் மட்டுமன்று. நோயாளியின் கையிலுள்ள கட்டை அவிழ்க்கும் போராட்டமும் ஆகும். மருத்துவமனை அரங்கங்களில் பணியாற்றும் தோழர்கள் அதனை முன்னெடுக்க வேண்டும்.