வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க என்ன அவசரம்?

புறக்கோட்டையில் செத்தல் மிளகாய் வாங்கும் நம்மவர் ஒருவரைப் பாருங்கள். பத்து மூடை வாங்குவதாக இருந்தாலும் மேலே இருக்கும் மூடையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க மாட்டார். அடியில் கிடக்கும் மூடையை இழுத்துப் போட்டு, கையை உள்ளே விட்டு அள்ளி, முகர்ந்து, ஈரம் இருக்கிறதா என்று நசுக்கிப் பார்ப்பார். கிலோவுக்கு ஐந்து ரூபா குறைக்க அரை மணி நேரம் நின்று பேசுவார். அதே மனிதர் இரண்டு கோடி ரூபாவுக்கு வீடு பார்க்கப் போனால் அரை மணி நேரத்தில் சுற்றிப் பார்த்து, டைல்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

உறவினர்களுடனும் நண்பர்களுடனும் நான் வீடு பார்க்கப் போன தடவைகள் பல. அவற்றில் கண்டதை வைத்துச் சொல்கிறேன். வீடு பார்க்கும் நாளும் பணம் கொடுக்கும் நாளும் ஒன்றாக இருப்பதே நம்மவர்கள் நஷ்டப்படுவதற்கு முதற் காரணம். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரங்களாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த புடவை வியாபாரி ஒருவர், முத்திரை ஒட்டிய ஒரு துண்டுக் கடதாசியை வாங்கிக்கொண்டு 25 இலட்சம் ரூபாவைக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துத்தான் வீட்டில் பங்குள்ள சகோதரி ஒருவர் வெளிநாட்டில் இருப்பதும், அவருக்கு விற்க விருப்பமில்லை என்பதும் தெரிய வந்தது. வாங்கிய பணத்தை விற்பவர் ஏற்கெனவே தன் கடனுக்குக் கட்டிவிட்டார். பெருநாள் சீசன் வந்தபோது சரக்கெடுக்க முதல் இல்லை. கொடுத்த செக்குகள் திரும்பின. வீடும் இல்லை, கடையும் ஆட்டங் கண்டது.

நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. காணி, வீடு விற்பது மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. துண்டுக் கடதாசியை வைத்துக்கொண்டு "வீட்டை எனக்கு எழுதித் தா" என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் வழக்கு முடியும் வரை கடை காத்திருக்காது.

எனவே முதல் தடவை போகும்போது செக் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, கொப்பி ஒன்றையும் பேனையையும் கொண்டு போங்கள்.

விற்பவர் யார்?

நம்மில் பலர் முதலில் கேட்பது "கடைசி விலை என்ன?" என்பதைத்தான். முதலில் கேட்க வேண்டியது "உறுதி யார் பெயரில் இருக்கிறது?" என்பது. உறுதியின் ஒரிஜினலைக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ கொப்பி மட்டும் இருந்தால், ஒரிஜினல் வங்கியில் இருக்கிறதா, வட்டிக்குக் கொடுத்தவர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அற்றோனித் தத்துவத்தை வைத்துக்கொண்டு ஒருவர் விற்பதாக இருந்தால், அதைக் கொடுத்த உரிமையாளர் உயிருடன் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் காலமாகிவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். இன்று வெளிநாட்டில் இருப்பவருடன் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது பெரிய காரியமல்ல.

வாப்பாவின் பெயரில் இருந்த வீட்டை ஆண் மக்கள் விற்பது நம் சமூகத்தில் அடிக்கடி நடக்கிறது. உதாரணமாக, 2 கோடி 40 இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டை விட்டு ஒருவர் மௌத்தாகிறார். அவரது பெற்றோர் உயிருடன் இல்லை. மனைவி, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள் இருக்கிறார்கள். கடன்கள் போக மீதியைப் பங்கு வைத்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 30 இலட்சம். ஆண் மக்களுக்குத் தலா 70 இலட்சம், பெண் மக்களுக்குத் தலா 35 இலட்சம். உம்மாவையும் சகோதரிகளையும் விட்டுவிட்டு நாநாமார் இருவரும் மட்டும் கையொப்பமிட்டால், நீங்கள் முழு விலை கொடுத்து வாங்குவது 1 கோடி 40 இலட்சத்துக்கான பங்கை மட்டுமே. மீதி ஒரு கோடி மூன்று பெண்களுடையது.

"தங்கச்சிமார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று விற்பவர் சொல்வார். சொல்ல மாட்டார்கள் என்றால் வந்து கையொப்பமிடட்டும். மரணச்சொத்து வழக்கு நீதிமன்றத்தில் நடந்து முடிந்ததா என்பதையும் கேளுங்கள். ஹக்கு விஷயம் என்பதால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நன்கொடை உறுதியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. காத்தான்குடி, கல்முனை போன்ற ஊர்களில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு எழுதுவது வழக்கம். அப்படி எழுதும்போது பெற்றோர் தமது ஆயுட்கால உரிமையை ஒதுக்கி வைத்திருக்கக் கூடும். அவ்வாறென்றால் அவர்களும் கையொப்பமிட வேண்டும். முஸ்லிம்களின் வாரிசுரிமை பற்றிய 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நன்கொடை உறுதியில் "மீளப் பெற முடியாதது" என்று எழுதப்பட்டிருந்தால் ஒழிய அது மீளப் பெற முடியாததாகக் கருதப்படாது. அந்தச் சொல் உறுதியில் இருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வீடு மனைவியின் பெயரில் இருக்க, கணவர் விலை பேசி அட்வான்ஸ் வாங்குவதும் நடக்கிறது. மனைவி சம்மதித்தாரா என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும்.

காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது சட்டத்தரணியின் வேலை. அவர் நீங்கள் பிடித்தவராக இருக்க வேண்டும். விற்பவரின் சட்டத்தரணியோ தரகர் கூட்டி வருபவரோ போதாது.

வீட்டில் இருப்பவர் யார்?

உறுதியில் ஒரு பெயர் இருக்கும், அறைக்குள் வேறொருவர் இருப்பார். மேல் மாடியில், பின்பக்க அனெக்ஸில், முன்பக்கக் கடையறையில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு காலமாக, எந்த எழுத்தின் பேரில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "வீட்டை எழுதியதும் எழும்பிவிடுவார்" என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். எழும்பிய பிறகு எழுதுவோம் என்று சொல்லுங்கள். பழைய வாடகைக்காரரை எழுப்புவதற்கு வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைந்தவர்கள் கொழும்பில் ஏராளம். கரண்ட் பில், தண்ணீர் பில், சோலை வரிச் சிட்டை மூன்றும் யார் பெயரில் வருகின்றன, நிலுவை எவ்வளவு என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கட்டிடத்தைப் பார்ப்பது

நம்பிக்கையான மேசன் பாஸ் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அந்தக் கூலி வீண் போகாது. சுவரில் படிபடியாகச் சாய்ந்து போகும் வெடிப்பு அத்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கூரை மரத்தைத் தட்டிப் பார்த்தால் கறையான் தின்ற மரம் பொய்ச் சத்தம் கொடுக்கும். எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது, அது நிரம்பினால் கல்லி பவுசர் வர வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு அங்கீகரிக்கப்பட்ட பிளானைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிடத்தைப் பாருங்கள். பிளானில் இரண்டு தட்டு, கண் முன்னே மூன்று தட்டு என்றால் அந்த மூன்றாவது தட்டுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. மாநகர சபையோ பிரதேச சபையோ வழங்கும் இணக்கச் சான்றிதழும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வீதி அகலமாகும் நாளில் முன் அறை போய்விடுமா என்பதை வீதிக்கோடு காட்டிவிடும். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. விளம்பரத்தில் சொன்ன பேர்ச் கணக்கில் ஒழுங்கையும் சேர்ந்திருக்கிறதா, அந்த ஒழுங்கையில் உங்களுக்குள்ள வழியுரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை நில அளவையாளரின் பிளானுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டுக்காரியையும் ஒரு தடவை கூட்டிப் போங்கள். பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் அவர். சமையலறையின் புகையும் பக்கத்து வீட்டு ஜன்னலும் நம் கண்ணில் படாது, அவர் கண்ணில் பட்டுவிடும்.

தண்ணீரும் மண்ணும்

2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் எப்படி மூழ்கின என்பதைப் பலர் மறந்திருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து களனி கங்கை பெருகியபோது எல்லோருக்கும் மீண்டும் நினைவு வந்தது. ஆனால் சுண்ணாம்பு பூசினால் வெள்ளத்தின் கோடு மறைந்துவிடும். சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் புதிய பெயின்ட், ஊதிப்போன கதவு நிலை, வழமையை விட உயரத்தில் வைத்த பிளக் பொயின்ட் ஆகியவற்றைக் கண்டால் காரணம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் சந்திக் கடைக்காரரிடமும் கேளுங்கள். "2016 இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2025 இல் எதுவரை வந்தது?" என்று கேட்டால் அவர் கையால் அளந்து காட்டுவார்.

மலைநாட்டில் வாங்குபவர்களுக்குத் தண்ணீரை விட மண் முக்கியம். 2016 இல் அரநாயக்கவில் சரிந்த மலை, கீழே இருந்த வீடுகளை அப்படியே மூடியது. கண்டி, மாவனல்லை, பதுளைப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் பின்பக்க மண்மேட்டையும் தாங்கு சுவரையும் பார்த்துவிட்டு, அந்தக் காணி பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இதற்காகவே ஒரே வீட்டை மூன்று தடவை பார்க்கச் சொல்கிறேன். ஒரு தடவை பகலில், ஒரு தடவை நல்ல மழையில், ஒரு தடவை இஷாவுக்குப் பிறகு.

நல்ல வீடு கைநழுவிப் போகாதா?

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தால் வேறொருவர் வாங்கிவிடுவார் என்பார்கள். "ஹாஜியார், துபாயிலிருந்து ஒருவர் நாளைக்கு வாரார்" என்று தரகரும் சொல்வார். இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல இடத்தில் உள்ள வீடு நீண்ட நாள் கிடக்காது. ஆனால் அதற்கு மருந்து துண்டுக் கடதாசியல்ல. ஒரிஜினல் உறுதியைப் பார்த்து, பங்காளிகள் எல்லோரும் சம்மதம் என்று தெரிந்த பின், சிறிய தொகை ஒன்றுக்கு நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். உரித்தில் குறை கண்டால் பணம் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று அதில் ஒரு வரி சேருங்கள். அதற்கும் சம்மதிக்காத விற்பனைக்காரரின் வீடு கைநழுவிப் போனால் கவலைப்பட வேண்டியதில்லை.

விலையுடன் கணக்கு முடிவதுமில்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். மேலே சொன்ன 2 கோடி 40 இலட்சம் ரூபா வீட்டுக்கு அது மட்டும் 9 இலட்சத்து 59 ஆயிரம் ரூபா. நொத்தாரிசு கட்டணமும் திருத்த வேலையும் வேறு. அடுத்த சீசனுக்குச் சரக்கெடுக்கும் முதலைத் தனியாக ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதே வீட்டுக்கான பணம்.

இதை வாசிப்பவர்களில் வீடு விற்க இருப்பவர்களும் இருப்பார்கள். உறுதி, பிளான், சான்றிதழ்கள், வரிச் சிட்டைகள், பங்காளிகளின் சம்மதம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, வருபவர் கேட்கும் முன்பே மேசையில் வையுங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாங்குபவர் விலை பேசத் தயங்க மாட்டார்.