ஆறு பேரில் ஒருவர்



இது இசைச் சிறப்பிதழ். கர்நாடக இசை, சினிமா இசை, நாட்டுப்புற இசை என்று அவரவர் துறையில் விவரம் தெரிந்தவர்கள் உள்ளே எழுதியிருக்கிறார்கள். எனக்கென்று மிஞ்சியது இந்தப் பக்கம்தான். அதை, 77 வயதில் ‘முதல் ஆல்பம்’ வெளியிட்ட ஓர் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் பிளான்ட்டின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் பாடிய லெட் செப்பலின் குழுவின் பெயரை ஏதாவது ஒரு கல்லூரிப் பையனின் டி-ஷர்ட்டிலாவது பார்த்திருப்பீர்கள். 1968இல் லண்டனில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஜிம்மி பேஜ், புதுக் குழுவுக்குப் பாடகர் தேடினார். முதலில் கேட்ட டெர்ரி ரீட், தனக்குத் தோதுப்படாது என்று சொல்லி, பர்மிங்ஹாம் பக்கம் ஒரு பையன் இருக்கிறான், போய்ப் பாருங்கள் என்று கைகாட்டினார். அந்தப் பையன்தான் பிளான்ட். கூடவே தன் சிநேகிதன் ஜான் பான்ஹமையும் டிரம்ஸ் வாசிக்க இழுத்துக்கொண்டு வந்தார். குழுவின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வெளியானபோது பிளான்ட்டுக்கு வயது 20. மொத்த ஒலிப்பதிவும் 36 மணி நேரத்தில் முடிந்தது என்று பேஜ் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அடுத்த பத்தாண்டுகள் ஊரறிந்த கதை. விமானம், விளையாட்டு அரங்கங்கள், தலைமுடி, கூச்சல். 1980 செப்டம்பரில் பான்ஹம் இறந்தார். அவர் இல்லாமல் குழு இல்லை என்று மற்ற மூவரும் அந்த டிசம்பரிலேயே கலைத்துவிட்டார்கள். 2007இல் ஒரே ஓர் இரவு மட்டும், பான்ஹமின் மகன் டிரம்ஸ் வாசிக்க, லண்டனில் மறுபடி மேடை ஏறினார்கள். அந்தக் கச்சேரிக்கு இரண்டு கோடி பேர் டிக்கெட் கேட்டு விண்ணப்பித்ததாகச் செய்தி வந்தது. உலகம் சுற்றக் கிளம்பியிருந்தால் ஏழு தலைமுறைக்குச் சம்பாதித்திருக்கலாம். பிளான்ட் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது அவர் ஆலிசன் கிராஸ் என்ற அமெரிக்க ஃபிடில் கலைஞரோடு சேர்ந்து மெல்லிய குரலில் வேறு மாதிரியான பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். அந்த ஆல்பம் 2009இல் ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது தனிக்கதை.

நம் கச்சேரிகளில் வித்வானுக்குத் துண்டுச் சீட்டு அனுப்புவோமே, அதுபோல நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே இவருக்கு ஒரே சீட்டைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது: பழையதைப் பாடுங்கள். இவர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, புதுப் புது ஆட்களோடு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் 2025 செப்டம்பர் 26 அன்று வெளியான ‘சேவிங் கிரேஸ்’ ஆல்பத்தை ஆர்வத்தோடு எடுத்துக் கேட்டேன். ஆல்பத்துக்கும் குழுவுக்கும் அதே பெயர்; குழுவுக்கு இதுதான் முதல் ஆல்பம். கூடப் பாடி அக்கார்டியன் வாசிப்பவர் சூசி டியன். டிரம்ஸில் ஆலி ஜெஃபர்சன், கிதாரில் டோனி கெல்சி, பாஞ்சோவில் மேட் வொர்லி, செல்லோவில் பார்னி மோர்ஸ்-பிரவுன். பிளான்ட்டைச் சேர்த்து ஆறு பேர். மற்ற ஐவரையும் உலகம் அதுவரை அறியாது.

குழு பிறந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2019 தொடக்கத்தில், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியின் சின்னச் சின்ன அரங்குகளில் சத்தமில்லாமல் பாடத் தொடங்கினார்கள். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் கச்சேரிகளில், முக்கியக் குழு மேடைக்கு வருமுன் பாடுகிறவர்களாகவும் போனார்கள். யோசித்துப் பாருங்கள், அரங்கம் முழுவதும் ஆள் வந்து சேர்ந்திருக்காத நேரத்தில் லெட் செப்பலின் பாடகர் மேடையில்! இதில் ஒரு பழைய சம்பந்தமும் உண்டு. செப்பலினின் நான்காம் ஆல்பத்தில், 1971இல், பிளான்ட்டோடு ஜோடி சேர்ந்து ஒரு பாட்டில் பாடிய சாண்டி டென்னி அதே ஃபேர்போர்ட் குழுவில் இருந்தவர். செப்பலின் ஆல்பங்களில் வெளியிலிருந்து வந்து அப்படி உடன் பாடிய ஒரே குரல் அவருடையதுதான்.

ஒலிப்பதிவு 2019 ஏப்ரலில் தொடங்கி 2025 ஜனவரியில் முடிந்தது. கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள். இடையில் கொரோனா புகுந்துவிட்டது என்பது ஒரு காரணம். ஆனால் அவசரப்படுத்த ஆளில்லை என்பதும் கேட்கும்போது தெரிகிறது. இருபது வயதில் 36 மணி நேரம், எழுபதைத் தாண்டி ஆறு ஆண்டு.

பத்துப் பாட்டுகள். ஒன்றுகூட இவர்கள் எழுதியதல்ல, எல்லாம் பிறருடையவை அல்லது எழுதியவர் பெயர் தெரியாத பழம்பாட்டுகள். செப்பலின் பாட்டு ஒன்றும் இல்லை. முதல் பாட்டான ‘செவ்ரொலே’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. காதலன் ஒவ்வொரு பொருளாக வாங்கித் தருவதாக ஆசை காட்ட, பெண் மசியாமல் நிற்கும் பாட்டு. இதன் வேர் 1930இல் மெம்ஃபிஸ் மின்னி என்ற கறுப்பினப் பெண் தன் கணவர் கான்சாஸ் ஜோ மெக்காயோடு பதிவு செய்த தட்டில் இருக்கிறது. 1959இல் மிசிசிப்பி கிராமத்துச் சகோதரர்கள் இருவர் புல்லாங்குழலும் டிரம்ஸுமாக அதையே பாட, நாட்டுப்பாடல் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். இப்போது அது பிளான்ட்டும் டியனும் பாடும் ஜோடிப் பாட்டு. டிரம்ஸ் தரையோடு ஒட்டி நடக்கிறது. இரண்டு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தோளோடு தோள் உரசிப் போகின்றன. அந்தக் காலத்தில் கண்ணாடி உடைகிற மாதிரி வீறிட்ட குரலா இது என்று இருக்கிறது. இப்போது அடிவயிற்றிலிருந்து, பேச்சுக்குச் சற்று மேலே, மணல் கலந்த மாதிரி வருகிறது.

இதே மின்னியும் ஜோவும் 1929இல் பாடிய வெள்ளப் பாட்டு ஒன்றைத்தான் செப்பலின் 1971இல் எடுத்து, இடி முழக்கமாக மாற்றியது. அதில் மின்னியின் பெயரையும் போட்டார்கள். எல்லாச் சமயத்திலும் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வில்லி டிக்சன் என்ற புளூஸ் கவிஞர் தன் வரிகளை எடுத்தாண்டதற்காக வழக்குப் போட்டு, 1987இல் சமரசம் ஆனது. கண்பார்வையற்ற தெருப்பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த பாட்டை 1976இல் எடுத்தபோது, தட்டில் இருந்த பெயர்கள் பேஜும் பிளான்ட்டும் மட்டுமே. அதே ஜான்சனின் 1930ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று இந்தப் புது ஆல்பத்தில் இருக்கிறது, அவர் பாட்டு என்றே. ரசிகர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு ஆல்பத்தின் மதிப்பில் பாதி இதில்தான் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைக்காமல், ஆளைக் கூட்டிவந்து அறிமுகம் செய்துவைக்கிற மனசு.

அறிமுகம் பழையவர்களோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் டுலூத் ஊரைச் சேர்ந்த ‘லோ’ என்ற குழுவின் பாட்டு ஒன்றும் உண்டு. 2010இல் வந்த இன்னோர் ஆல்பத்திலும் பிளான்ட் லோவின் இரண்டு பாட்டுகளைப் பாடினார். மூன்றுமே அவர்களுடைய ஒரே தொகுப்பிலிருந்து எடுத்தவை! லோவின் பாடகியும் டிரம்ஸ் கலைஞருமான மிமி பார்க்கர் 2022இல் இறந்துவிட்டார். 1969இன் மோபி கிரேப் பாட்டும் இருக்கிறது. பிளான்ட் இளம் வயதில் மண்டைக்குள் ஏற்றிக்கொண்ட கலிஃபோர்னியக் குழு அது. சில பாட்டுகளில் முன்குரல் பிளான்ட்டுடையதே அல்ல. பின்னால் நின்று மவுத் ஆர்கன் ஊதுகிறார், ஒத்துப் பாடுகிறார்.

அட்டையில் மட்டும் அவர் பெயர்தான் முதலில், ‘சூசி டியனுடன்’ என்பது அடுத்து. விற்கிறவர் பாடு விற்கிறவருக்கு.

குறையில்லாத ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே நடையில், ஒரே மங்கிய வெளிச்சத்தில் போகின்றன. செல்லோவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். சொந்தமாக ஒரு பாட்டாவது எழுதியிருக்கக் கூடாதா என்றும் தோன்றுகிறது. சத்தமான ராக்கை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்து போய்விடக்கூடும்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு துணுக்கு. 1972இல் பேஜும் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்த வாத்தியக்காரர்களை வைத்துத் தங்கள் பாட்டுகள் இரண்டை மறுபடி பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு 2015இல்தான் முறையாக வெளிவந்தது. உலகப் புகழின் உச்சியில் இருந்த காலத்திலேயே, தெரியாத ஆட்களோடு போய் உட்கார்ந்து பார்க்கிற குணம் மனிதரிடம் இருந்திருக்கிறது.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் 1930இன் மெம்ஃபிஸ் மின்னி பதிவைக் கேளுங்கள், இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, மூன்று நிமிடம்தான். அப்புறம் அந்தச் சகோதரர்களின் புல்லாங்குழல். அதற்கப்புறம் ‘செவ்ரொலே’. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். திட்டி வரும் கடிதங்களைத்தான் அடுத்த இதழில் முதலில் போடுவதாக உத்தேசம்.

அன்புடன்,
ஆசிரியர்