ஆய்வுத் தலைப்பை எங்கே தேடுவது?

கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கு வருடத்தில் ஒரு வாரம் தூக்கமே வராது. அது தேர்வு வாரம் அல்ல. "வெள்ளிக்கிழமைக்குள் ப்ராஜெக்ட் தலைப்பும் ஆய்வுத் திட்டமும் கொடுக்க வேண்டும்" என்று துறையில் அறிவிப்பு வருகிற வாரம்! அன்றைக்கு ஓட்டம் ஆரம்பமாகும். பழைய ப்ராஜெக்ட் கேட்டு சீனியர்களிடம் ஓட்டம், பைண்டிங் கடைக்கு ஓட்டம்... கடைசியில் வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது தலைப்பும் ஒரே அச்சில் வார்த்தது போல வந்து நிற்கும்.

"செல்போன் சேவையில் வாடிக்கையாளர் திருப்தி – தர்மபுரி மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு". செல்போனை எடுத்துவிட்டு ஷாம்பு, ஷாம்புவை எடுத்துவிட்டு இருசக்கர வாகனம். அவ்வளவு தான் வித்தியாசம்.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் பன்னிரண்டு வருடம், கல்லூரியில் இரண்டரை வருடம், யாரோ கேட்ட கேள்விக்கு விடை எழுதியே பழகியவரைக் கூப்பிட்டு, "இப்போது நீயே ஒரு கேள்வி கேள்" என்றால் அவர் என்ன செய்வார்? சீனியர் கேட்ட கேள்வியைத் தான் திரும்பக் கேட்பார்.

ஆனால் இழப்பு யாருக்கு? பட்டப்படிப்பில் மாணவர் சொந்தமாகக் கேள்வி கேட்க வாய்ப்புள்ள ஒரே இடம் இந்த ப்ராஜெக்ட் தான். அதையும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டால், ஒரு கேள்வி கூடக் கேட்காமலே ஒருவர் பட்டதாரி ஆகிவிடுகிறார். முன்பெல்லாம் எம்.ஃபில். என்று ஒரு படி இருந்தது, அங்கே பழகிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்ல முடிந்தது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டு வந்த புதிய விதிமுறைகளோடு எம்.ஃபில். பட்டமும் நின்று போனது. இனி முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர் இளங்கலையிலும் முதுகலையிலும் தான் இதைப் பழகியாக வேண்டும்.

ஆய்வுத் திட்டம் என்றால் என்ன?

தலைப்பு, முன்னுரை, நோக்கங்கள், கருதுகோள், ஆய்வு முறை, வரம்புகள் என்று ஒரு பட்டியல் எல்லாக் கல்லூரியிலும் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலை நிரப்பினால் ஆய்வுத் திட்டம் தயார் என்று பலரும் நினைக்கிறார்கள். அது வீட்டுக்கு வாசல், ஜன்னல் எண்ணிக்கை மட்டும் சொல்வது போல. வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பது அதில் இல்லை.

உண்மையில் ஆய்வுத் திட்டம் என்பது ஒரு வாக்குறுதி. "இந்தக் கேள்விக்கு இன்னும் சரியான விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னாரை, இந்த இடத்தில், இந்த முறையில் கேட்கப் போகிறேன். இத்தனை நாளில் முடிப்பேன்." இவ்வளவு தான். இதில் முதல் வரி பொய்யாக இருந்தால் மற்ற எல்லாமே வீண். விடை முன்பே தெரிந்த கேள்விக்கு எதற்கு ஆய்வு? "பெரும்பாலான வாடிக்கையாளர்கள் திருப்தியாக உள்ளனர்" என்று முடிக்க 120 பேரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் விடை தெரியாத கேள்விக்கு எங்கே போவது? நூறு வருடங்களுக்கு முன்பே இதற்கு ஒருவர் வழி காட்டியிருக்கிறார்.

1916-ல் மாணவர்கள் செய்தது

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத் துறைக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். கையில் இங்கிலாந்துப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்று சொல்ல ஒரு புத்தகமும் போதுமானதாக இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1916-ல் தன் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் அறிந்த கிராமத்தை ஆய்வு செய்து வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு... இப்படிப்பட்ட சாதாரணக் கேள்விகள் தான்.

அந்த மாணவர்கள் எழுதிக் கொண்டு வந்தவற்றைத் தொகுத்து 1918-ல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார் ஸ்லேட்டர். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம், தூசி போன்ற ஊர்கள் அதில் இடம்பெற்றன.

கதை அதோடு முடியவில்லை. 1936-37-ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் இருவரும் அதே கிராமங்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குஹன் குழுவினர் சில ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஒரு ஊரின் நிலம், கூலி, சாதி உறவுகள் தொண்ணூறு வருடங்களில் எப்படி மாறின என்று இன்று சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முதல் புள்ளி வைத்தது ஒரு கல்லூரி மாணவரின் ப்ராஜெக்ட்!

அந்த மாணவர்களிடம் கணினி இல்லை, இணையம் இல்லை, புள்ளியியல் மென்பொருள் இல்லை. ஆனாலும் அவர்கள் எழுதியது நிலைத்து நின்றது. காரணங்கள் மூன்று. கேள்வி சிறியது, ஒரே ஊருக்குள் அடங்கியது. விடை முன்பே தெரியாது. மூன்றாவது தான் மிக முக்கியம். என்ன கேட்டார்கள், யாரைப் பற்றிக் கேட்டார்கள் என்பது தெளிவாக இருந்ததால், இருபது வருடம் கழித்து வந்த வேறொருவரால் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்க முடிந்தது. நல்ல ஆய்வுத் திட்டத்துக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா?

கம்பைநல்லூரில் ஒரு கேள்வி

இதையே இன்று கம்பைநல்லூரில் இருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் ஒரு வணிகவியல் மாணவருக்குப் பொருத்திப் பார்க்கலாம். அவர் தலைப்பு தேடி சென்னை வரை போக வேண்டியதில்லை.

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டது தர்மபுரி மாவட்டத்தில் தான். 1989-ல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தார்கள். அப்போது கிருஷ்ணகிரியும் இந்த மாவட்டத்துக்குள் தான் இருந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்குப் பரவி, 1997-98-ல் "மகளிர் திட்டம்" என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது. ஆக, தர்மபுரி மாவட்ட மாணவருக்கு இது வீட்டு வாசலில் கிடக்கும் வரலாறு.

ஆனால் இதையும் எப்படி எழுதுகிறார்கள்? "சுய உதவிக் குழுக்கள் மூலம் பெண்கள் முன்னேற்றம் – ஓர் ஆய்வு". முன்னேற்றம் என்று தலைப்பிலேயே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது! அப்புறம் ஆய்வு எதற்கு?

கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். "கம்பைநல்லூர் பேரூராட்சியில் ஐந்து வருடங்களுக்கு மேல் இயங்கும் குழுக்களில், கடைசியாக வாங்கிய குழுக் கடனில் எவ்வளவு பங்கு தொழிலுக்குப் போனது, எவ்வளவு பங்கு வேறு கடனை அடைக்கப் போனது?"

இப்போது இது கேள்வி. இதற்கு விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பெரும்பகுதி ஆடு, மாடு வாங்கப் போயிருக்கலாம். பெரும்பகுதி நகையை மீட்கவோ, தனியார் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை கட்டவோ போயிருக்கலாம். எது வந்தாலும் அது செய்தி. அந்த விடை ஊரில் பல குடும்பங்களின் அடுப்போடு சம்பந்தப்பட்டது.

கேள்வி கிடைத்துவிட்டால் மற்ற தலைப்புகள் தாமாகவே நிரம்பும்.

யாரைக் கேட்பது? வழக்கமாக "வசதி மாதிரி" என்று எழுதிவிட்டு, கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் வகுப்பு நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது அனுப்பியவரின் வசதி, ஊரின் உண்மை அல்ல. மாறாக, ஐந்து வருடம் தாண்டிய குழுக்களின் பட்டியலை முறைப்படி கேட்டு வாங்கி, சீட்டுக் குலுக்கிப் பத்துக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் குலுக்கலில் ஆறு பேர் என்று எடுத்தால் அறுபது பேர். ஒரு நாளைக்கு நான்கு பேர் என்றால் பதினைந்து நாள். செலவு பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸும். இதை அப்படியே எழுதினால் கால அட்டவணையும் செலவுக் கணக்கும் முடிந்தது.

எதைப் பார்ப்பது? இங்கே தான் வணிகவியல் மாணவருக்கு மற்றவர்களை விட ஒரு படி அனுகூலம். குழுக்களில் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு மற்றும் கடன் பேரேடு எல்லாம் எழுதுகிறார்கள். வகுப்பில் மூன்று வருடம் படித்த பேரேடு இங்கே உயிரோடு இருக்கிறது. குழு சம்மதித்தால், உறுப்பினர் வாயால் சொன்ன தொகையையும் பேரேட்டில் இருக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் வேறுபட்டால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

முன் ஆய்வுகள்? இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் "சோத்கங்கா" தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுய உதவிக் குழு பற்றி அங்கே எக்கச்சக்கமாக இருக்கும். இருபது ஆய்வேடுகளின் பெயரை அடுக்குவதை விட, மூன்றை முழுதாகப் படித்து, "இவர்கள் இதைக் கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை" என்று அரைப் பக்கம் எழுதுவது மேல். கேட்காமல் விட்ட இடத்தில் தான் புதிய ஆய்வு நிற்கிறது.

வரம்புகள்? "நேரம் போதவில்லை" என்பது வரம்பு அல்ல, சாக்கு. உண்மையான வரம்பு வேறு. கடன் என்பது மானப் பிரச்சினை. தெரிந்த பையன், தெரிந்த பெண் வந்து கேட்டால் சிலர் மறைப்பார்கள். அதனால் பெயரை எழுதாமல் எண் மட்டும் கொடுப்பது, மாமியார், கணவர் முன்னால் கேட்காமல் இருப்பது, விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவது ஆகியவற்றைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். படிக்கும் ஆசிரியருக்கு இந்த ஒரு பத்தி போதும், இவர் உண்மையிலேயே தெருவில் இறங்கப் போகிறார் என்று தெரிந்துவிடும்.

குழு மட்டும் தானா என்றால், இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் விளையும் மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச் சத்து "பாயிண்ட்" கணக்கில் விலை போடுகிறார்கள். அந்த பாயிண்டை அளப்பது வாங்குகிற ஆலை. விற்கிற விவசாயிக்கு அந்த அளவை சரிபார்க்க வழி இருக்கிறதா? இதுவும் ஒரு முழு ப்ராஜெக்ட். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வந்த பிறகு குழுச் சேமிப்பு கூடியதா, குறைந்ததா? இதுவும் ஒன்று. உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலையில் தொடங்கி வைக்கப்பட்டதும் இதே மாவட்டத்துத் தொப்பூரில் தான் என்பது குறிப்பிடத்தக்கது.

சில ஆட்சேபணைகள்

"ஒரே ஒரு ஊரை வைத்து என்ன சொல்ல முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி தான். கம்பைநல்லூரை வைத்துத் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் மாவட்டம் முழுக்க என்று தலைப்பில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நூறு பேரைக் கேட்பதால் மட்டும் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட முடியுமா? சிறிய இடத்தைப் பற்றி உறுதியாகச் சொல்வது, பெரிய இடத்தைப் பற்றி உளறுவதை விட மேல்.

"கை-வர்க்கம், தொடர்புக் கெழு எல்லாம் போட்டால் தானே ஆய்வு?" என்பது அடுத்தது. அவை கருவிகள். கேள்விக்குத் தேவைப்பட்டால் எடுக்கலாம். சுத்தியல் கையில் இருக்கிறதே என்று சுவரெல்லாம் ஆணி அடிப்பவர் தச்சர் ஆகிவிட மாட்டார்.

"இப்போது தான் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, ஐந்து நிமிடத்தில் ஆய்வுத் திட்டம் எழுதித் தருமே?" உண்மை. வழவழவென்று எழுதித் தரும். பழைய நகல் ப்ராஜெக்டை விட அழகாகவே இருக்கும். ஆனால் கம்பைநல்லூரில் ஒரு குழுவின் பேரேட்டில் போன மாதம் என்ன எழுதினார்கள் என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள யாராவது ஒருவர் நடந்து போய்த்தான் ஆக வேண்டும். இனி வரும் காலத்தில் மாணவரின் மதிப்பே அந்த நடையில் தான் இருக்கப் போகிறது.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு வேண்டுகோள். தலைப்பு சிறியதாக, உள்ளூர் பெயரோடு வந்தால் "தரம் இல்லை" என்று திருப்பி அனுப்ப வேண்டாம். ஸ்லேட்டர் அன்று அப்படித் திருப்பி அனுப்பியிருந்தால் இருவேல்பட்டு என்ற பெயர் பொருளாதார வரலாற்றிலேயே இருந்திருக்காது.

கடைசியாக, ஆய்வுத் திட்டம் பலமானதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. துறையில் கொடுப்பதற்கு முன்னால், யாரைப் பற்றிய ஆய்வோ அவரிடமே அந்தக் கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும். குழுவில் இருக்கும் ஒரு அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ஆமாப்பா, இது எங்களுக்கும் தெரியணும். முடிச்சதும் வந்து சொல்லு" என்றால் தலைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவர் கொட்டாவி விட்டால், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது... வேறு கேள்வி தேடலாம்!